மலையிறங்கி வந்த எச்சில் இலை

தனபாலன் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். ஏதோ வெற்றிலையை விட்டுவிடுவது, விடியற்காலையில் எழுந்திருப்பது மாதிரிச் சில்லறைத் தீர்மானம் இல்லை. பெரிய தீர்மானம். உஸ்மான் ரோட்டில் இருபது வருஷமாகப் பாத்திரக் கடை வைத்திருக்கும் மனுஷர், 1973-ஆம் வருஷம் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கையில் கேழ்வரகுக் கூழ் டம்ளரோடு எழுந்து நின்று சொன்னார்:

"இனிமே மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை காட்டுக்கு. காட்டைக் காப்பாத்தப் போறேன்."

கேட்டது ஒரே ஆள். அவர் மனைவி தங்கபுஷ்பம். அவளும் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் காட்டை?"

"ஊத்துக்கோட்டைக்கு அங்கிட்டு ஒரு மலை. மேல சுனை இருக்காம். புள்ளிமான் வருமாம். அதையெல்லாம் யாராவது காப்பாத்தணும்லா?"

"நீங்களா?"

"ஏன், நான் காப்பாத்துனா மானு வேண்டாங்குமா?"

"கொல்லையில முருங்கை மரம் பூரா கம்பளிப்பூச்சி. ரெண்டு மாசமா சொல்லுதேன். அதைக் காப்பாத்த ஆளில்ல."

"ஏ புஷ்பம், அது வீட்டு மரம். நான் பேசுறது இயற்கையைப் பத்தி."

தங்கபுஷ்பம் பாகற்காயிலிருந்து தலையை நிமிர்த்தி அவரை ஒரு தடவை பார்த்தாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. தனபாலன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகியும் மனுஷருக்கு அந்தப் பார்வை படிக்கத் தெரியவில்லை, பாவம்.

உண்மைக் காரணத்தை நாம் சொல்லிவிடலாம். அவர் சொல்ல மாட்டார்.

ஆறு மாதம் முன்னால் பனகல் பார்க் பக்கத்து டாக்டர் தனபாலனுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று கண்டுபிடித்தார். "சாப்பாட்டைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்றார். டாக்டர் சொன்னது "கொஞ்சம்". தங்கபுஷ்பம் காதில் அந்த வார்த்தை மட்டும் விழவில்லை. அன்று ராத்திரியே அரிசி டின்னுக்கு ஒரு பூட்டு வந்தது. காலையில் கூழ், மத்தியானம் களி, ராத்திரி கோதுமைக் கஞ்சி. மூன்று வேளைக்கும் பொதுவாகப் பாகற்காய். ஆட்டுக்கறி என்ற சொல் அந்த வீட்டை விட்டே போயிற்று.

கடைக்குப் போய் ரகசியமாகத் தின்னலாமே என்பீர்கள். மத்தியானக் களியை அவளே கடைக்குக் கொண்டுவந்து, அவர் தின்று முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். வேறு ஓட்டலில் நுழையலாம் என்றால், தி. நகரில் பாதிக் கடைக்காரர்கள் அவள் சொந்தக்காரர்கள். ஒரு தடவை கடைவீதியில் நின்று அரைப் பரோட்டா தின்றார். அவர் கையைக் கழுவுவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. போதாததற்கு அவளுடைய மூக்கு. வாசற்படியில் நிற்கிற ஆள் என்ன தின்றான் என்று அடுக்களையிலிருந்தே சொல்லுவாள். முன்பு உட்கார்ந்தால் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்ட மனுஷர், ஆறே மாதத்தில் பிரியாணி என்று எழுதிய போர்டைப் பார்த்தாலே கண்கலங்குகிற நிலைமைக்கு வந்தார்.

அப்போதுதான் கலீமுல்லா ஒரு தூக்குவாளி வாங்கக் கடைக்கு வந்தார். மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். 'காட்டுநடைக் கழகம்' என்று ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார்.

"மலைக்கு எடுத்துப் போகணும். லேசா இருக்கட்டும்" என்றார்.

"மலையில ஓட்டல் கிடையாதா சார்?"

"ஓட்டல், கடை, வீடு, மனுஷன் எதுவும் கிடையாது."

"பொண்டாட்டி?"

"யாரோட பொண்டாட்டி?"

"பொதுவாக் கேட்டேன்."

"பன்னிரண்டு பேர்தான் போவோம். வீட்டுக்கு ஒருத்தர்தான். அந்த மலை ஒரு நாளைக்கு அதுக்கு மேல தாங்காது. இப்ப ஒரு இடம் காலியா இருக்கு."

தனபாலன் தூக்குவாளியை அடக்க விலைக்குக் கொடுத்துவிட்டு அந்த இடத்தைப் பிடித்தார்.

கழகத்தின் சட்டதிட்டங்கள் கண்டிப்பானவை. சத்தம் போடக்கூடாது. பூ, கிளை எதையும் ஒடிக்கக்கூடாது. சுனையில் சோப்பு கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: மேலே கொண்டுபோனது எதுவும் மலையில் மிச்சம் வைக்கக்கூடாது. ஒரு பருக்கைகூட.

"தனபாலன் சார், காடு நம்ம மாமியார் வீடு இல்லை. எடுத்துக்கிட்டும் வரக்கூடாது, விட்டுட்டும் வரக்கூடாது" என்றார் கலீமுல்லா. தனபாலன் அந்த வாக்கியத்தையும் பருக்கைச் சட்டத்தையும் வீட்டில் வந்து தங்கபுஷ்பத்திடம் தன்னுடையது மாதிரிச் சொன்னார், மாமியாரை மட்டும் நீக்கிவிட்டு.

முதல் ஞாயிறு வந்தது. கழகத்துக்கு ஒரு வாடகை வேன். அதை ஓட்டுகிற பொன்னுரங்கம் அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். அவனைத் தனபாலன் இரண்டு நாள் முன்னாலேயே தனியாகப் பார்த்துப் பேசிவிட்டார். ராயப்பேட்டையில் அவனுக்குத் தெரிந்த கல்யாணச் சமையல்காரர் ஒருவர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் விடிகிற நேரத்திலேயே பிரியாணி தம் உடைப்பார்.

"சார், சீரகச் சம்பா. நாலு பீஸ் மட்டன். ஆவி பறக்கச் சொல்ல கட்டி வாங்கியாந்துகீறேன்" என்று பொன்னுரங்கம் பொட்டலத்தை ஸீட்டுக்கடியில் வைத்தான். "அது சரி, வூட்லேர்ந்து கேரியரு வேற கொண்டாந்துகீறியே, அது இன்னாது?"

"களி."

"கேவுரு களியா? கருவாட்டுக் கொழம்போடயா? எனக்குக் குடு நைனா!"

பண்டமாற்று அந்த இடத்திலேயே முடிந்தது. மலையடிவாரத்தில் வேனுக்குக் காவலிருக்கிற பொன்னுரங்கத்துக்குக் களி. மலையேறுகிற தனபாலனுக்குப் பிரியாணி. டிபன் கேரியர் சுத்தமாகக் காலியாகி வீட்டுக்குப் போகும். எங்கேயும் ஓட்டை இல்லை.

மேலே போனதும் மற்றவர்கள் பறவை பார்க்கப் போனார்கள். தனபாலன் சுனைக்குப் பின்னால் ஒரு பாறை மறைவு பார்த்து உட்கார்ந்தார். காலைத் தண்ணீருக்குள் விட்டார். பொட்டலத்தைப் பிரித்தார். பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். ஆறு மாதப் பசி.

ஆனால் அன்றைக்கு அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மூன்றாவது துண்டைக் கையில் எடுத்திருந்தபோது எதிர்க்கரையில் ஒரு புள்ளிமான் வந்து நின்றது. தண்ணீர் குடித்தது. நடுவில் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அவருக்கு எலும்பைக் கடிக்கக் கூச்சமாகிவிட்டது. பித்தளைச் சத்தம் இல்லை, பேரம் இல்லை, "அண்ணாச்சி, அடி கொஞ்சம் நசுங்கியிருக்கே" என்கிற குரல் இல்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். மான் போன பிறகும் அவர் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்துக்கு முன்னால் இருந்திருக்கலாம், ஞாபகமில்லை. பிரியாணிக்காக வந்தவர் அன்றைக்கு மலைக்கும் சேர்த்து அடிமையாகிவிட்டார்.

சரி, இலையை என்ன செய்வது? வீட்டுக்குக் கொண்டுபோனால் தங்கபுஷ்பத்தின் மூக்கு இருக்கிறது. கொண்டுவந்த மஞ்சள் பையிலும் நெய் வாசனை ஏறிவிட்டது. இலை, எலும்பு, பை எல்லாவற்றையும் பாறைக்கடியில் மணலைத் தோண்டிப் புதைத்தார். அடுத்த மாதமும் அப்படியே. இயற்கையில் வந்தது இயற்கைக்கே போகட்டும் என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டார். பாத்திரக்காரர் மனசு, எந்த நசுங்கலையும் தட்டி நேராக்கிவிடும்.

மூன்றாம் மாதம் பாதி மலை ஏறும்போதே கலீமுல்லா நின்றுவிட்டார்.

வழியெல்லாம் எலும்பு. கிழிந்த இலை. சணல் கயிறு. நடுவில் ஊர் நாய்கள் இரண்டு நிம்மதியாக உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தன. ஒரு முள்செடியில் மஞ்சள் பை ஒன்று கொடி மாதிரிப் பறந்தது. கலீமுல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்:

"செந்திலாண்டவர் பாத்திரக் கடை. உஸ்மான் ரோடு."

பதினோரு பேரும் தனபாலனைப் பார்த்தார்கள்.

"பாத்திரம் வாங்குற அத்தனை பேருக்கும் பை குடுக்கேன் சார்" என்றார் தனபாலன். "மெட்ராஸ்ல பாதிப்பேர் கையில என் பைதான். எவன்னு கண்டேன்?"

வியாபாரத்தில் பொய் சொல்லிப் பழகிய முகம். நம்பிவிட்டார்கள். ஆனால் கலீமுல்லா அதற்குப் பிறகு சொன்னதுதான் அவரைக் குத்தியது.

"எலும்பு வாசனைக்கு நாய் மலை ஏறிடுச்சு. ஏறின நாய் சும்மா இருக்காது, மானைத் துரத்தும். இனி இந்தச் சுனைக்கு மான் எப்ப வருமோ, தெரியாது. எவன் செஞ்சானோ, அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். ஆயுசுக்கும் இந்த மலையில கால் வைக்க விடமாட்டேன்."

அன்றைக்கு மான் வரவில்லை. தனபாலன் பாறை மறைவில் உட்கார்ந்து எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கம். நாம்தானே விரட்டினோம் என்று நெஞ்சு அடைத்தது. அடைத்த நெஞ்சோடுதான் பிரியாணியைச் சாப்பிட்டார், ஆனால் சாப்பிட்டார்.

இறங்கும்போது கலீமுல்லா புதுச் சட்டம் போட்டார். மலையில் கண்ட குப்பை, அவரவர் குப்பை எல்லாம் அவரவர் வீட்டுக்கே போக வேண்டும். அடிவாரத்துக் கிராமத்தில் போடக்கூடாது, பஸ் ஸ்டாண்டில் போடக்கூடாது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. 'குப்பை வீடு வந்து சேர்ந்தது' என்று வீட்டிலிருக்கிறவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கையெழுத்து இல்லாத அட்டைக்கு அடுத்த மாதம் வேனில் இடமில்லை.

வேறு யாராவது என்றால் பிரியாணியை விட்டிருப்பார்கள். தனபாலனுக்கு மலையை விட மனசில்லை, பிரியாணியை விடவும் மனசில்லை. மறுபடி புதைக்கச் சத்தியமாக மனசில்லை. ஊத்துக்கோட்டையிலிருந்து கோடம்பாக்கம் பாலம் வரை யோசித்தார். பாலம் ஏறும்போது யோசனை வந்தது. அவ்வளவு நல்ல யோசனை தனக்கு வந்ததைப் பற்றி அவருக்கே ஆச்சரியம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் குப்பைப் பையை நடுக்கூடத்தில் வைத்தார். மறைக்கவே இல்லை.

"புஷ்பம், வந்து பாரு. இப்படியும் மனுசன் இருப்பானா?"

தங்கபுஷ்பம் வந்தாள். மூக்கு ஒரு தடவை விரிந்தது.

"என்ன இது?"

"எவனோ மலைமேல பிரியாணி தின்னுட்டு அப்படியே போட்டுட்டுப் போயிருக்கான். பாவிப்பய! நான்தான் ஒண்ணு விடாமப் பொறுக்கிட்டு வந்தேன். இதுல நீ ஒரு கையெழுத்துப் போடணும்."

தங்கபுஷ்பம் குனிந்து இலையை விரித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"குனிஞ்சா பொறுக்குனீக?"

"குனியாம எப்படி?"

"ஐயோ பாவம். இடுப்பு வலிக்குமே."

வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். தனபாலன் வெந்நீரில் குளித்துக்கொண்டே மெல்லிய குரலில் பாடினார்.

அடுத்த மாதமும் 'எவனோ' தின்றான். தனபாலன் பொறுக்கினார். அதற்கடுத்த மாதம் அந்தப் பாவி அல்வாவும் தின்றிருந்தான். ஒவ்வொரு தடவையும் தங்கபுஷ்பம் இலையை விரித்துப் பார்த்தாள், த்சு த்சு என்றாள், கையெழுத்துப் போட்டாள். அந்த ஆளைத் தனபாலனும் சேர்ந்து திட்டினார். வர வர அவருக்கே அவன்மேல் நிஜமான கோபம் வந்துவிட்டது.

ஒரே ஒரு இடைஞ்சல், டாக்டர். திங்கட்கிழமை தோறும் கண்ணாடிக் குழாயில் சிறுநீரோடு நீல மருந்தை ஊற்றிச் சோதிப்பார். சூடு பண்ணின பிறகும் நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை பரவாயில்லை. செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை ஏறிவிட்டது. தனபாலனுக்கு எல்லா வாரமும் நீலம். முதல் ஞாயிறுக்கு மறுநாள் மட்டும் செங்கல்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"களி."

"வேற?"

"மலைக்காத்து."

டாக்டர் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். தங்கபுஷ்பம் செங்கல் நிறக் குழாயைப் பார்த்தாள்.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் தனபாலன் கடையடைத்து வீட்டுக்கு வந்தால், கூடத்தில் கலீமுல்லா உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் தங்கபுஷ்பம். நடுவில் ஒரு பித்தளைத் தாம்பாளம். தாம்பாளத்தில் மூன்று துண்டுச் சணல் கயிறும் பொட்டலம் சுற்றியிருந்த எண்ணெய் ஏறின செய்தித்தாள் மூன்றும் கிடந்தன.

"வாங்க. நான்தான் சாரை வரச்சொன்னேன்" என்றாள் தங்கபுஷ்பம். "பாருங்க சார், மூணு மாசமா ஒரே கயிறு, ஒரே முடிச்சு. ஒரே கடைச் சோறு. ஒரே ஆளுதான்."

"அப்படியா!" கலீமுல்லா கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டார்.

"அதுலயும் முதல் ஞாயித்துக்கிழமை பாத்துத்தான் வாரான். இலையில ஈரம்கூடக் காயல. நீங்க பன்னிரண்டு பேரும் மேல நிக்கும்போதே தின்னுட்டுப் போறான். ஒருத்தர் கண்ணுலயும் படலையா?"

"நாங்க பறவையைத்தான்மா பார்த்துக்கிட்டிருந்தோம்."

"என்னைக் கூட்டிட்டுப் போங்க. நான் பிடிச்சுத் தாரேன்."

தனபாலனுக்குச் சுக்குக் காப்பி குடிக்காமலேயே புரையேறியது. "அதெப்படி! வீட்டுக்கு ஒருத்தர்தான். பன்னிரண்டு பேருக்கு மேல மலை தாங்காது. சட்டம் சட்டம்தான். என்ன சார்?"

"சட்டம் சட்டம்தான்" என்றார் கலீமுல்லா வருத்தமாக.

"அதுக்கென்ன, எனக்குப் பதிலா இவுக வீட்டுல இருந்துகிடுவாக" என்றாள் தங்கபுஷ்பம்.

"நானா? நான் காட்டைக் காப்பாத்துற ஆளு!"

"காடு காப்பாத்தப்பட்டாச் சரிதான? ஆளு யாரா இருந்தா என்ன? அவன் பிடிபடுத வரைக்கும்தான். பிடிச்ச அன்னிக்கே உங்க எடம் உங்களுக்கு."

கலீமுல்லா எழுந்து வந்து தனபாலனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மான் நின்னுபோச்சேன்னு அன்னிக்கு நீங்க கண்கலங்கினதை நான் பார்த்தேன் சார். அந்த மானுக்காக உங்க இடத்தையே விட்டுக்கொடுக்கிறீங்க. எத்தனை பேருக்கு வரும் இந்த மனசு!"

தனபாலன் வாயைத் திறந்தார். அந்த ஆள் நான்தான் என்று சொன்னால் ஆயுசுக்கும் மலை கிடையாது. சொல்லாவிட்டால் பிடிபடுகிற வரை மலை கிடையாது. வாயை மூடிக்கொண்டார்.

முதல் ஞாயிறு விடிந்தது. வாசலில் வேன் வந்து நின்றது. பழைய கான்வாஸ் ஷூ ஒன்றைப் புடவைக்குக் கீழே மாட்டிக்கொண்டு தங்கபுஷ்பம் ஏறினாள். ஏறியது அவருடைய ஜன்னலோர ஸீட்டில்.

"இன்னா சார், நீ வர்லியா?" என்றான் பொன்னுரங்கம்.

"இல்லப்பா."

"அப்போ களி?"

"களி அவுகளுக்கு" என்றாள் தங்கபுஷ்பம். "நான் உனக்கு நெறையக் கட்டிட்டு வந்திருக்கேன், ஏறு."

வேன் போய்விட்டது. தனபாலன் அன்றைக்கு முழுவதும் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். பத்து மணிக்கு, இப்போது ஏறிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தார். பன்னிரண்டுக்குச் சுனை. மத்தியானம் களியைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தபோது அழுகை வந்துவிடும்போல இருந்தது. பிரியாணிகூட அப்புறம்தான், அந்தத் தண்ணீரில் ஒரு தடவை காலை விட்டால் போதும் என்றிருந்தது. இதை அவர் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். நாம் நம்பலாம். பொழுது போகாமல் கொல்லைக்குப் போய் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியையும் ஒழித்துவிட்டார்.

வேலை செய்யச் செய்ய மனசு தெளிந்தது. என்ன பயம்? தின்கிறவன் இங்கே மரத்தடியில் நிற்கிறான். மலையில் இலையும் இருக்காது, எலும்பும் இருக்காது. இரண்டு மாதம் தேடிப் பார்ப்பாள். ஆள் ஓடிவிட்டான் என்று கலீமுல்லாவே சொல்லிவிடுவார். தை பிறக்குமுன் ஜன்னலோர ஸீட் திரும்பி வந்துவிடும். சாயங்காலம் வேன் சத்தம் கேட்டபோது அவர் சிரித்த முகமாக வாசலுக்குப் போனார்.

தங்கபுஷ்பம் முகமெல்லாம் வெயில் பட்டுச் சிவந்து, பத்து வயசு குறைந்து இறங்கினாள்.

"என்னங்க, மான் வந்துச்சு! குட்டியோட வந்துச்சு! நாயெல்லாம் இறங்கிப் போயிட்டாம். காலைத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன். எனக்கு எந்திரிக்கவே மனசு வரல."

"வந்துச்சா? குட்டியோடயா?" என்று தனபாலன் இரண்டு தடவை கேட்டார். சந்தோஷமும் பொறாமையும் சேர்ந்து வந்ததில் எதைத் துடைப்பது என்று தெரியாமல் முகத்தையே துடைத்துக்கொண்டார்.

"அது சரி. அந்த ஆளு அகப்பட்டானா?" என்றார், பதில் தெரிந்த தைரியத்தில்.

தங்கபுஷ்பம் பையைத் திறந்து நடுக்கூடத்தில் ஓர் எச்சில் இலையை வைத்தாள். நாலு எலும்பு. அதே சணல் கயிறு. அதே சீரகச் சம்பா வாசனை.

"இன்னிக்கும் தின்னிருக்கான். குனிஞ்சு பொறுக்கிட்டு வந்தேன்."

"எப்படி!" தனபாலன் துள்ளினார். "இன்னிக்கு அவன் எப்படித் தின்னிருப்பான்? இன்னிக்கு அவன் மலைக்கே போகலையே!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தனபாலன் உட்கார்ந்தார். இலையைப் பார்த்தார்.

"இது வேற ஆளு" என்றார், குரல் இறங்கி. "கிராம்பு, பட்டையெல்லாம் கண்டபடி கெடக்கு பாரு."

"ஆமா. பொன்னுரங்கம் உங்களுக்குன்னு கொண்டாந்த பொட்டலம்தான். எனக்கு அடுக்கி வைக்க வராது" என்றாள் தங்கபுஷ்பம். "முன்ன வந்த மூணு இலையிலயும் கிராம்பு தனி, ஏலக்காய் தனி, பட்டை தனின்னு ஓரத்துல வரிசை கட்டி நின்னுச்சு. கடையில டம்ளர் அடுக்குத மாதிரி. இருபத்தாறு வருசமா நான் எடுத்துப் போடுத இலை. எனக்குத் தெரியாதா?"

தனபாலன் இலையின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மொத நாளே தெரியுமா?"

"மொத நாளே தெரியும். பொறுத்துப் பாத்தேன். மாசா மாசம் அந்தக் குழாய் செங்கலாட்டம் நின்னுச்சு. ஒருநாள் உங்க கால் விரலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லுவாரோன்னு எனக்கு ராத்திரி தூக்கம் கெடையாது. உங்களுக்கு மலைக்காத்து!" அவள் குரல் ஒரு கணம் தடுமாறியது. உடனே சரியாகிவிட்டது. "இப்பச் சொல்லுங்க. ஆளைப் பிடிச்சுட்டேன்னு கலீமுல்லா சார்கிட்டச் சொல்லிரட்டுமா?"

"வேண்டாம் புஷ்பம்! ஆயுசுக்கும் விடமாட்டாரு!"

"அப்ப இன்னும் பிடிபடல. அடுத்த மாசமும் நான்தான் போய்த் தேடணும். இந்தாங்க."

அட்டையை நீட்டினாள். 'குப்பை வீடு வந்து சேர்ந்தது.' வீட்டிலிருந்தவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. தனபாலன் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, பைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு மானம் வெட்கத்தையெல்லாம் விட்டு, மெல்லக் கேட்டார்:

"மிச்சம் ஏதாவது... ஒரு வாய்?"

"மலையில ஒரு பருக்கை மிச்சம் வைக்கக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?" என்றாள் தங்கபுஷ்பம்.